ஒரே ஊசியில் மூன்று காதுகள்

1

இந்த மாதத்தோடு நான் ஈப்போவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. ஊரில் இதைப் படிக்கப் போகிறவர்கள் உடனே என்னைப் பட்டுக் குடையோடும் சங்கிலி போட்ட கடிகாரத்தோடும் கற்பனை செய்துவிட வேண்டாம். மலாயாவில் இருந்து பென்சனோடு திரும்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம். அவர்கள் ரயில்வேயிலும் தபால் கந்தோரிலும் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். நான் மாட்டின் காதில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். எழுத்தரை இங்கே கிராணி என்பார்கள். தோட்டத்துச் சனங்கள் எனக்கு வைத்த பெயர் மாட்டுக் கிராணி. முதலில் கோபம் வந்தது. இப்போது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கத் தாமதமாகிறது.

போன மாதம் அலுவலகத்தில் இருந்து ஒரு படிவம் வந்தது. என் வேலையை நிரந்தரமாக்குவதற்காம். மூன்று பிரதி எழுத வேண்டும். எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் போட்டு என் பெயரைப் பின்னால் எழுதியதால் இரண்டு முறை திரும்பி வந்தது. செத்துப்போன அப்பாவையே நிரந்தரமாக்கப் பார்த்தார்களோ என்னவோ. மூன்றாம் முறை, இங்கிலீஷ் எழுத்து அழகாக இருக்கிறதென்று என் மகனைப் பிடித்து எழுதச் சொன்னேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். தமிழ் எழுத்தில் பாதி அவனுக்குத் தெரியாது, மீதிப் பாதி அவனுக்குப் பிடிக்காது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. கடமையின்போது உம்மால் நேர்ந்த பிழைகள், இருந்தால் விவரம்.

“அப்பா, இதுக்கு என்ன போட? இல்லைன்னு போட்டுரவா லா?” என்றான் மகன்.

“வாயைப் பார். லாவாம் லா. தகப்பனிட்டக் கதைக்கிற கதையா இது?” என்று அடுப்படியில் இருந்து என் மனைவி சத்தம் போட்டாள்.

லா என்பது மலாய்க்காரர் பேச்சில் ஒட்டுகிற வால். நான் அவனைத் திருத்தவில்லை. “இல்லை என்று போடு” என்றேன். அவன் அழகாக, சாய்த்து எழுதினான். அந்த மூன்று பிரதியிலும் என் பொய் என் மகனின் கையெழுத்தில் இருக்கிறது.  நாலு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுவதற்கு அதுதான் காரணம்.

2

எனக்கு மாடு பழக்கமானது அப்பாவால். எங்கள் பக்கம் வண்டில் சவாரி என்றால் சனம் வயலை மறந்து ஓடும். அப்பா இரண்டு சவாரி மாடு வைத்திருந்தார். எங்களைத் தொட்டதை விட அவற்றைத் தொட்டதுதான் அதிகம். மூக்கணாங்கயிறு பிடிக்கவும் திமிலில் தட்டிச் சாந்தப்படுத்தவும் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அந்தத் தகுதியில்தான் இங்கே வேலை கிடைத்தது. சான்றிதழ்களை எல்லாம் கப்பலில் தண்ணீர் குடித்துவிட்டது.

மாடுகளோடு பேசுவது சுலபம். மாட்டுக்காரர்களோடு பேசுவதுதான் முதல் வருஷம் பெரும்பாடு. தோட்டத்தில் இருப்பவர்கள் சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனங்கள். ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பெண்ணிடம், “ஆறுதலாய் வாரும், அவசரமில்லை” என்றேன். மெதுவாக வா என்பதை நாம் அப்படித்தானே சொல்வோம்? அவள் நின்று, “எங்க வீட்ல யாரும் சாகலீங்களே சாமி, எதுக்கு ஆறுதலு?” என்றாள். அன்றில் இருந்து தோட்டத்துக்குள் போனால் அவர்கள் தமிழைப் பேசப் பழகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் நம் தமிழ். மகனுக்கு இரண்டும் வேண்டாமாம்.

எங்கள் மிருக வைத்திய அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். இங்கே வருவதற்கு முன் ஆப்பிரிக்காவில் பல வருஷம் இருந்தவர். அங்கே ட்செட்சி என்று ஓர் ஈ உண்டாம். கால்நடையைக் கடித்தால் இளைத்துச் சாகும், மனிதனைக் கடித்தால் தூங்கித் தூங்கிச் சாவான். அவர் அலமாரியில் அந்த ஈயைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை. பெரியவனாகிவிடலாம் என்ற ஆசை.

நல்ல கதைப் புத்தகம் போல இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ட்செட்சி மற்ற ஈக்களைப் போல முட்டையைக் குவித்துவிட்டுப் போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே குஞ்சு. அதைத் தன் வயிற்றுக்குள் வைத்துப் பால் போன்ற ஒன்றை ஊட்டி வளர்த்து, புழு முழுதாக வளர்ந்த பிறகுதான் ஈனும். கண்ணுக்குத் தெரியாத நோய்ப் பூச்சிக்கும் அந்த ஈயே வீடு. நோயுள்ள மிருகத்தின் இரத்தத்தோடு ஈயின் குடலுக்குள் போகும், அங்கே பெருகும், உருவம் மாறும், மெல்ல மெல்ல எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு கடித்தால்தான் நோய். முதல் நாள் குடித்த இரத்தத்தோடு அடுத்த நாள் கடித்தால் ஒன்றும் ஆகாது.

இந்தக் கடைசி இரண்டு வரிக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். பாழாய்ப்போன கோடு.

3

நாலு வருஷத்துக்கு முன், இங்கே பெரிய வெள்ளம் வந்ததற்கு முந்தின வருஷம், கோப்பெங்குக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில் துரையின் குதிரைக்குக் காய்ச்சல். கித்தா என்றால் ரப்பர். அதிகாரி என்னை அனுப்பினார். குதிரையின் கால் வீங்கியிருந்தது, விலா எலும்பை எண்ணலாம், புல்லை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்து நின்றது. ஒரு துளி இரத்தம் எடுத்துத் தகட்டில் வைத்துக் கண்ணை வைத்தேன். சிவப்பு அணுக்கள் கூட்டத்தில் யாரோ இடித்துக்கொண்டு போவதுபோல விலகின. நடுவில் மெல்லிய ஒரு பூச்சி, ஓரத்தில் அலை அலையாக ஒரு சவ்வு, ஓயாமல் நெளிந்துகொண்டிருந்தது. சர்ரா. இந்த நோயின் பூச்சி, ட்செட்சி பரப்பும் பூச்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இந்த நாட்டில் ட்செட்சி இல்லை. சர்ராவைக் கொண்டுபோவது மாட்டு ஈ. பச்சைக் கண், கட்டைவிரல் நகம் அளவு உடம்பு. ஆண் ஈ பூந்தேன் குடித்துப் பிழைத்துப்போகும். பெண் ஈக்குத்தான் முட்டை வைக்க இரத்தம் வேண்டும். வெயில் ஏறினால் வரும், இருட்டினாலோ மழை கொட்டினாலோ இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊசி போல நைசாகக் குத்தத் தெரியாது. கத்தரிக்கோல் மாதிரித் தோலை வெட்டி, வழிகிற இரத்தத்தை நக்கும். குதிரையும் நாயும் இந்தப் பூச்சியால் செத்துப்போகும். மாடும் எருமையும் பல சமயம் இரத்தத்தில் வைத்துக்கொண்டே வண்டி இழுக்கும், புல் தின்னும், பார்ப்பதற்குக் குறையே இருக்காது. ஆகவே குதிரைக்கு நோய் என்றால் தோட்டத்து மாடு அத்தனையையும் பார்த்தாக வேண்டும்.

தோட்டத்தில் பதினொரு வண்டி மாடு. வண்டிக்காரர்களைக் கூட்டி ஈயைப் பற்றிச் சொன்னேன். பகலில் புகை போடுங்கள், மாடுகளை நெருக்கிக் கட்டாதீர்கள், கூடுமானவரை தள்ளித் தள்ளிக் கட்டுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். சொன்னபடி செய்தவன் ஒருவன்தான். அவன் பெயர் அங்கமுத்து.

அங்கமுத்து அதற்கு முன் எட்டு வருஷம் மரம் சீவிக்கொண்டிருந்தவன். விடியும்முன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்று கங்காணி பெயர் கூப்பிடக் காத்திருக்கும் பிழைப்பு பிடிக்காமல், சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு ஜோடி மாடு வாங்கினான். ஒன்று செவலை, ஒன்று மயிலை. கித்தாத் தகடுகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் வேலையை எடுத்துக்கொண்டான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது கங்காணி கிடையாது. “இந்த ரெண்டு உசுரும் இருக்குற வரைக்கும் நான் யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல கிராணி” என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். நான் ஈயைப் பற்றிச் சொன்ன அன்றே ஜோடியை ஓடைக்கு அக்கரையில் கொண்டுபோய்க் கட்டி, பச்சை லாலாங் புல்லைக் குவித்துப் புகை மூட்டினான்.

அடுத்த ஆள் சடையன். அங்கமுத்துவின் தங்கை பேச்சியைக் கட்டியவன். ஒற்றை மாட்டு வண்டியில் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீரும் விறகும் கொண்டுவருவான். மாடு பெயர் கொம்பன். மச்சான்கள் இரண்டு பேரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. ஒருவன் சுருட்டைப் பாதியில் அணைத்து மற்றவனுக்கு வைப்பான். சண்டை போட்டார்கள் என்றால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும்.

4

பதினொரு மாட்டையும் வரச் சொல்லி வரிசையில் நிறுத்தினேன். காதில் குத்த என்னிடம் ஒரே ஊசிதான் இருந்தது. ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையில் அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்க வேண்டும். அது அதிகாரியின் கட்டளை. முதல் இரண்டு மாட்டுக்கும் அப்படியே செய்தேன். மூன்றாவது கொம்பன். குத்தி இரத்தம் எடுத்தேன். ஊசியைச் சூடாக்கத் திரும்பியபோது காற்று கிளம்பி விளக்கு அணைந்தது. தீக்குச்சி நமுத்துப் போயிருந்தது. ஐந்து குச்சி கிழித்துப் பார்த்தேன்.

அடுத்து அங்கமுத்து ஜோடியோடு நின்றான். ஓடைக்கு அப்பால் இருந்து ஊசிக்காக மட்டும் இட்டுக்கொண்டு வந்திருந்தான். “கெதியா குத்தி உட்டுருங்க கிராணி, ஈ வந்துரும்” என்று, சீக்கிரம் என்பதற்கு என் வாயில் தவறி வந்துவிடும் ஊர்ச் சொல்லைப் பழித்துச் சிரித்தான்.

எனக்குப் புத்தகத்தின் பென்சில் கோடு ஞாபகம் வந்தது. பூச்சி ஈயின் வயிற்றுக்குள் மூன்று வாரம் இருந்தால்தானே நோய்? ஊசிக்கு வயிறா இருக்கிறது? சூடாக்கச் சொல்வது வேறு ஏதோ சீழ் பிடிக்காமல் இருப்பதற்கு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஊசியைப் பஞ்சில் துடைத்தேன். செவலையின் காதில் குத்தினேன். திரும்பத் துடைத்து மயிலையின் காதில் குத்தினேன். பிறகு விளக்கைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் எப்படியோ பற்றவைத்தேன். ஆறாவது மாட்டில் இருந்து ஒழுங்காகச் சூடாக்கினேன்.

முடிவு தெரியும்வரை எந்த மாடும் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு ஈப்போவுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் அங்கமுத்து சாமான் வாங்கக் கோப்பெங் கடைக்குப் போயிருக்கிறான். பெருமழை பிடித்துக்கொண்டது. ஓடை ஏறியது. அவனால் திரும்பி வர முடியவில்லை. ஜோடி தண்ணீரில் நிற்கிறதே என்று சடையன் அக்கரைக்கு நீந்திப்போய், இரண்டையும் அவிழ்த்து வந்து, தன் கொட்டகையில் கொம்பன் பக்கத்தில் கட்டியிருக்கிறான். விடிந்து மழை விட்டதும் திரும்ப அக்கரையில் கட்டிவிட்டான்.

5

தகடுகளைப் பார்த்ததில் கொம்பனின் இரத்தத்தில் மட்டும் பூச்சி இருந்தது. நோயுள்ள மாட்டைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. சுட்டார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு மருந்து அப்போது கையில் இருந்தது. அது குதிரைகளுக்கே போதவில்லை. துரையின் குதிரை பிழைத்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து மீதிப் பத்து மாட்டையும் திரும்பப் பார்த்தேன். எட்டு சுத்தம். செவலையிலும் மயிலையிலும் பூச்சி நெளிந்தது.

அதிகாரி தகடுகளைப் பார்த்துவிட்டு, அந்த இரண்டும் மற்றவற்றோடு சேர்ந்து நின்றனவா என்று கேட்டார். இல்லை, தனியாகப் புகைக்கு நடுவில் நின்றன என்றேன். அவர் தகட்டைத் திரும்பவும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பிறகு, “ஒவ்வொரு முறையும் ஊசியைச் சூடாக்கினீர்தானே?” என்றார். சூடாக்கினேன் என்றேன். அவர் நம்பினார். நம்பிவிட்டு, நான் கேட்காமலே விளக்கினார். ஆப்பிரிக்க ஈ வேறு, இந்த ஈ வேறு. இந்த நாட்டு ஈயின் வயிற்றில் பூச்சி வளர்வதும் இல்லை, தங்குவதும் இல்லை. ஒரு மாட்டைக் கடிக்கும்போது மாடு வாலால் அடிக்கும், ஈ எழுந்து பக்கத்து மாட்டில் உட்காரும், வாயில் ஒட்டிய ஈர இரத்தம் அந்தக் காயத்தில் படும். அவ்வளவுதான். இரத்தம் காய்ந்தால் பூச்சியும் செத்துப்போகும். “இந்த ஈ ஒரு அழுக்கு ஊசி, வேறொன்றும் இல்லை” என்றார்.

பஞ்சில் துடைத்த என் ஊசி ஞாபகம் வந்தது. அதே அறையில் நின்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு பிள்ளை, நிரந்தரமில்லாத வேலை, ஊரில் கலியாணத்துக்கு நிற்கும் தங்கை. இதையெல்லாம் நான் அப்போது யோசித்தேனா என்றால் இல்லை. பயந்தேன், வாயை மூடிக்கொண்டேன். காரணங்களைப் பிறகுதான் தேடிப் பொறுக்கினேன். முதல் பரிசோதனைக்கு முன்பே பூச்சி அந்த ஜோடியின் இரத்தத்தில் ஒளிந்திருந்திருக்கும் என்ற சமாதானமும் அப்படிப் பொறுக்கியதுதான். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் கொம்பனுக்கு அடுத்து நின்ற இரண்டு மாட்டுக்கு மட்டும் ஏன் வந்தது என்று என் பதிவேட்டின் நாலாம் ஐந்தாம் இலக்கங்கள் என்னைக் கேட்டன.

சுடுகிற அன்று நானும் போக வேண்டியிருந்தது. அங்கமுத்து அழவில்லை. இரண்டின் கழுத்து மணியையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டான். பிறகு, லயத்துச் சனம் முழுக்க நிற்க, என்னிடம் வந்தான்.

“கிராணி, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. மழையன்னிக்கு இவன் கொண்டாந்து கொம்பன் பக்கத்துல கட்டுனான். அதனாலதான வந்துச்சு?”

சடையன் நாலடி தள்ளி நின்றான். “மச்சான், தண்ணியில நின்னுச்சு மச்சான். அடிச்சிட்டுப் போயிரும்னு பயந்து...” என்று தொடங்கினான்.

“ஒன்னய கேக்கல. கிராணி சொல்லட்டும்.”

கொட்டுகிற மழையில், இருட்டில், மாட்டு ஈ பறக்காது என்று அந்தக் கூட்டத்தில் என் ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். சடையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கலாம்” என்றேன்.

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மச்சானோடு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். பேச்சி அண்ணன் வீட்டு வாசலில் வைத்த சோற்றுப் பானை அப்படியே கிடந்ததாம். மூன்றாம் மாதம் சடையன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அங்கமுத்து திரும்ப மரம் சீவும் உளியை எடுத்துக்கொண்டு பெரட்டில் போய் நின்றான். நான் என்ன செய்தேன்? அந்தத் தோட்டத்துப் பக்கம் வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பினேன்.

6

படிவத்தில் மகன் எழுதிய நாலாம் நாள், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் முதலில் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“இப்ப போய்ச் சொன்னால் செத்த மாடு எழும்பி வருமே? வேலைக்கு ஏதும் வந்தால் பிள்ளையளை நான் எங்க கொண்டு போறது?” என்றாள்.  பிறகு அவளே, “அந்த மனுசன் உங்களை மலை போல நம்பியிருக்கும் என்ன? போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ” என்றாள்.

சிம்பாங் பூலாய் சந்தியில் பஸ் மாறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மத்தியானம். கித்தாப் பால் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அங்கமுத்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் பழைய சிரிப்பு வந்தது. “வாங்க கிராணி, வழி தவறிட்டீங்களா? உக்காருங்க, தேத்தண்ணி போடச் சொல்றேன்” என்றான்.

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து நின்றுகொண்டே சொன்னேன். விளக்கு அணைந்தது, ஊசியைத் துடைத்தது, புத்தகம், அதிகாரியிடம் சொன்ன பொய், எல்லாம். மழையில் ஈ பறக்காது, சடையன் கட்டியதால் வரவில்லை, அது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கவிழ்த்த வாளி ஒன்றை நிமிர்த்தித் திரும்பக் கவிழ்த்தான். ஒரு பூனை வந்து அதை முகர்ந்து போயிற்று.

“மாட்ட உடுங்க கிராணி” என்றான். “அது போயி நாலு வருசமாச்சு. சடையன் போன தையில செத்துட்டான், தெரியுமா? மலேரியாக் காய்ச்சல். எழவு சொல்ல ஆளு வந்துச்சு. ரெண்டு தடவ வந்துச்சு. நான் போவல.”

எனக்குத் தெரியாது. அவன் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. திண்டாடிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“தங்கச்சிக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. இப்ப சொன்னீங்கல்ல, அத அப்படியே எழுதுங்க. ஒங்க பேரப் போடுங்க.”

லயத்துப் படியில் உட்கார்ந்து எழுதினேன். முன்பு அங்கே போய்வந்த எட்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கடுதாசி எழுதிக்கொடுத்திருக்கிறேன். அங்கேயுள்ள சனங்களில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. எல்லாம் அவர்கள் சொல்ல நான் எழுதியவை. இந்த ஒன்றில்தான் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. முடிவில், “அண்ணன் என்ன எழுதச் சொன்னார் என்று போட?” என்றேன்.

“ஒன்னும் போடாதீங்க. என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போட?”

7

பதில் என் அலுவலக விலாசத்துக்கு வந்தது. பேச்சி சொல்ல ஆயர் தாவார் தோட்டத்துக் கிராணி யாரோ எழுதியிருந்தார். உருண்டை உருண்டையான எழுத்து. ஒரு பக்கம்தான். மேசையில் வைத்து ஒரு முறை படித்தேன், மறு முறை படிக்கவில்லை. அங்கமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. அதை அவனுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் இருந்த நாலு வரியை விட்டுவிட்டுப் படித்தால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. பஸ்ஸில் போகும்போது அப்படிச் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவனுடைய நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். இப்படித்தான் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை. அவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு குழாயடியில் காத்திருந்தான். அவன் மனைவி வாசலில் வந்து நின்றாள். நான் பிரித்துப் படித்தேன்.

“அண்ணனுக்குத் தங்கை பேச்சி எழுதிக்கொள்வது. பிள்ளைகள் சுகம். கிராணி எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் வீட்டுக்காரர் இங்கே வந்தபிறகு மாட்டு வண்டி ஓட்டவே இல்லை. மாட்டைத் தொட்டால் செத்துப்போகும், என் கை ராசி இல்லாத கை என்பார். காய்ச்சல் முற்றிப் பிதற்றும்போதும் மச்சான் ஜோடியை நான்தான் கொன்றேன், மழையில் விட்டிருக்கணும் என்றுதான் சொன்னார். அவர் வாயில் வந்த கடைசிப் பேச்சு அதுதான் அண்ணே.”

அதற்குக் கீழே பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி இருந்தது. அதையும் படித்தேன். அங்கமுத்து கேட்கவில்லை என்று தெரிந்தது.

“அந்த எடத்த இன்னொரு தடவ படிங்க” என்றான்.

படித்தேன்.

“அப்போ அவனும் தன்னாலதான்னு நெனைச்சிக்கிட்டே செத்தானா, கிராணி?”

“ஓம்” என்றேன். தோட்டத்துக்குள் இத்தனை வருஷம் அடக்கி வைத்த நம் ஊர்த் தமிழ் அந்த நேரம் வாயில் வந்துவிட்டது. அவனுக்கு விளங்கியது.

அவன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கமுத்து கடுதாசியை என் கையில் இருந்து வாங்கித் தலைகீழாகப் பிடித்து, எழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். எந்த வரி அந்த வரி என்று கேட்டான். நான் அதை நேராகத் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான்.

“எங்கூட ஆயர் தாவாருக்கு வாங்க” என்றான். “நீங்க வந்து அந்தப் புள்ளைங்க முன்னாடி சொல்லணும், அவுங்க அப்பன் கை நல்ல கைன்னு. நான் சொன்னா அதுங்க நம்பாது.”